மட்டப்பாவுக்கு முதல் சட்டி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்குக் கண் செருகிவிடும். கல்லூரியில் பாடம் நடத்திய நாட்களில் இந்த வியாதியை எப்படியோ அடக்கி வைத்திருந்தேன். ஆராய்ச்சிக்கு என்று விடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த வருடத்தில் அது தலைவிரித்து ஆடியது. தூங்காமல் இருப்பதற்கு நான் அப்போது செய்துகொண்டிருந்த வேலையும் துணை நிற்கவில்லை. பக்கத்து மனையில் ஒரு வீடு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

என் மாடி ஜன்னல் கம்பியில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டியிருந்தேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அது அந்த மனையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். பகல் முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பேன். அந்த ஒரு நிமிடத்தில் வெயில் கிழக்குச் சுவரில் ஏறி மேற்குச் சுவரில் இறங்கும். செங்கல் வரிசை தானாக உயரும். ஆட்கள் தோன்றுவார்கள், மறைவார்கள். பாளையங்கால்வாய்ப் பக்கத்திலிருந்து கொக்குகள் வந்து மணல் குவியலில் உட்கார்வதும் எழுவதும் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு தடவை, மூன்று தடவை ஓட்டிப் பார்த்தால் எது பகல், எது என் கனவு என்று தெரியாது. கனவிலும் எல்லாரும் அதே வேகத்தில்தான் நடப்பார்கள். செத்துப்போன என் அப்பாகூட ஒருநாள் கலவைச் சட்டியோடு விறுவிறுவென்று குறுக்கே போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு ஏன் சொன்ன நாளில் முடிவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. கட்டுமானத் திட்ட மேலாண்மை என்று சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் சொந்தக்காரர்களிடம் இப்படித்தான் சொல்வேன். "அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி, எங்க கொத்தனார்ட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

உலகத்தில் இன்றைக்குக் கட்டுமானத்தைப் பற்றி என்னவெல்லாம் ஆராய்கிறார்கள் என்று படிக்கப் படிக்க எனக்கு மலைப்பாக இருந்தது. கட்டடத்துக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டு, எடுத்த படங்களைத் தைத்து, எவ்வளவு வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டரையே சொல்ல வைக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் சின்னக் கருவியைப் புதைத்து அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கேட்கிறார்கள். நிஜக் கட்டடத்துக்கு ஜோடியாகக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கட்டடத்தை வளர்க்கிறார்கள். அந்தக் கட்டுரைகளின் படங்களில் தொழிலாளிகள் எல்லாரும் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். தரை துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஒரு நாய்கூடக் குறுக்கே போகாது.

இதையெல்லாம் நம்மூரில் செய்துபார்க்க வேண்டும் என்று பெரிய கட்டடங்களின் வாசலில் போய் நின்றேன். நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். கேமரா என்ற வார்த்தையைக் கேட்டதும் காவலாளியே கேட்டைச் சாத்தினார். அப்படி மனசு விட்டுப்போன சமயத்தில்தான், மேலப்பாளையத்தைத் தாண்டி நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குப் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். எனக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது. அன்றைக்கே இறங்கிப் போய் அந்த வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன்.

அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் கணவரை அண்ணன் என்று சொல்லத் தொடங்கியதால் அவர் மைனி ஆகிவிட்டார். அண்ணன் துபாயில் இருந்தார். மைனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தோண்டிப்போட்ட செம்மண் மேட்டில் நின்று, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"படம் புடிச்சிக்கோங்க டீச்சர். அதை நித்தமும் அவுகளுக்கும் அனுப்பணும். நான் போன்ல காட்டுனா கை ஆடுதுன்னு திட்டுதாக."

அன்று சாயங்காலமே அண்ணன் எனக்குப் போன் செய்தார். அவர் அங்கே கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். வானத்தை முட்டுகிற கட்டடங்களுக்கு, தளம் தளமாகக் கம்பி வளைத்துக் கட்டிக் கட்டியே அவருடைய வாலிபம் போய்விட்டது. கம்ப்யூட்டர் வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று பொறுமையாக விசாரித்தார். எவ்வளவு ஆகும், எப்படி வரும் என்றெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

"நான் இங்கன எத்தனையோ தளத்துக்குக் கம்பி கட்டிருக்கேன் டீச்சர். எல்லாம் யாரு வீடோ. எம் வீட்டு மட்டப்பாவுக்கு முத சட்டி நான்தான் போடணும். அன்னைக்கு நான் அங்கன நிக்கணும். ஒங்க கம்ப்யூட்டரு அந்தத் தேதிய மட்டும் சரியாச் சொல்லிருமா?"

எங்கள் பக்கம் மொட்டை மாடியை மட்டப்பா என்போம். மட்டப்பாவுக்குக் கான்கிரீட் போடுகிற நாளில், கலந்த கலவையில் முதல் சட்டியை வீட்டுக்காரர்தான் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பார். பணக்காரர், ஏழை, இந்த மதம், அந்த மதம் என்று அதில் பேதம் கிடையாது. அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் நீளமான விடுப்பு. அந்த விடுப்புக்குள் மட்டப்பா நாள் விழ வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவான ஆராய்ச்சிக் கேள்வியை நான் படித்ததில்லை.

சொல்லிவிடும் என்று சொன்னேன்.

முதலில் வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினேன். தேதியை நகர்த்தினால் அந்த வீடும் கூடவே வளரும். அஸ்திவாரம், தூண், சுவர், நிலை, மட்டப்பா என்று ஒவ்வொன்றாக முளைக்கும். அதை அண்ணனுடைய போனுக்கும் அனுப்பியிருந்தேன். வேலை முடிந்து வந்து, தங்கும் அறையின் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் அந்த வீட்டுக்குள் நடப்பார். எனக்கு அது தெரியாது. ஒருநாள் சாவகாசமாகக் கேட்டார், "தெக்கு ஜன்னல கொஞ்சம் தள்ளி வைக்கலாமா டீச்சர்? கட்டிலப் போட்டா கால்மாட்டுல வெயில் அடிக்கி."

நான் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனையில் அப்போது முழங்கால் உயரத்துக்குச் சுவர் நின்றது. கட்டில் போடவேண்டிய இடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. அதன்மேல் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மைனியும் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருந்தார், வேறு விதமாக. சாயங்காலம் ஆட்கள் போனபிறகு வருவார். பாதிச் சுவர்களுக்கு நடுவே நின்று, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத அடுக்களைக்குள் போவார். "இங்கன அம்மி, அங்கன பிரிட்ஜு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சுவரைத் தாண்டிப் போனால் நேராகப் போகலாம். ஆனாலும் வாசல் வழியாகத்தான் போவார், வருவார். மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடுகிறார்கள் என்று தோன்றும். அந்த நினைப்போடு தூங்கிப் போவேன்.

கொத்தனார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல வேலைக்காரர். நல்ல மனிதர். அவர் வாயிலிருந்து வருகிற தேதியை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். "திங்கக்கெழம ஜன்னலுக்கு மேல லிண்டல் போட்டுருவோம்" என்பார். திங்கட்கிழமை மனையில் ஆடுதான் இருக்கும். கேட்டால் சாவு என்பார், கல்யாணம் என்பார், எம் சாண்ட் மணல் வரவில்லை என்பார். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். மைனி அவர் சொல்கிற தேதியோடு ஒரு வாரத்தைச் சேர்த்துத்தான் மனசில் வைத்துக்கொள்வார். ஊரே அப்படித்தான் செய்தது. அண்ணாச்சிக்கும் அது தெரியும்.

கேமராப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு புரோகிராம் போட்டிருந்தேன். ஆளைக் கண்டுபிடித்தால் அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே எண் எழுதும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய புரோகிராம் அது. தலையில் ஹெல்மெட் இருந்தால்தான் ஆள் என்று ஒப்புக்கொள்ளும். தலைப்பாக் கட்டோடும் சும்மாட்டோடும் நிற்கிறவர்களைச் சிமெண்ட் மூட்டை என்று நினைத்ததோ என்னவோ, கண்டுகொள்ளவே இல்லை. எனவே ஜங்ஷனுக்குப் போய் மஞ்சள் ஹெல்மெட்டுகளை வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தேன். தலைக்கும் நல்லது, ஆராய்ச்சிக்கும் நல்லது என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

"இத மாட்டுனா மண்டைக்குள்ள இட்லி அவியுது டீச்சர்" என்றார் அண்ணாச்சி. மறுநாள் ஒரு ஹெல்மெட்டில் ஆணி கிடந்தது. இன்னொன்றில் சித்தாள் அக்கா ஒருவர் வடையும் வெற்றிலையும் வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் அண்ணாச்சி திருஷ்டி பொம்மை கட்டினார். மைனியிடம் பழைய பேண்ட் சட்டை கேட்டார். "எங்கள்ல இதெல்லாம் கெடையாது அண்ணாச்சி" என்று மைனி இழுத்தார். "கண்ணு என்ன ஆளு பாத்தா படுது தங்கச்சி? வீடு கட்டுதவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் எம் வேலைக்குக் கட்டுதேன்" என்றார் அண்ணாச்சி. மைனி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "கண்ணூறு எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லி, உள்ளே போய், அண்ணனுடைய பழைய சட்டையையும் பேண்டையும் எடுத்துவந்தார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. அண்ணாச்சி அதற்குள் வைக்கோலைத் திணித்தார். தலைக்கு ஒரு பானையைக் கவிழ்த்து மீசை வரைந்தார். தெருவைப் பார்த்த தூணில் கட்டினார். கீழே கிடந்த ஹெல்மெட் ஒன்றை எடுத்து அதன் தலையில் மாட்டினார். "டீச்சர் சொல்லு கேக்க ஒரு ஆளாவது வேணும்லா" என்று மேலே என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரோகிராம் எனக்குக் கொடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனேன். ஆட்கள் வராத நாள். ஆனால் தொழிலாளி ஒருவர் காலை முதல் மாலைவரை இடத்தைவிட்டு அசையாமல் பணியில் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை மற்றவர்கள் தலைப்பாக் கட்டோடு வேலை செய்தார்கள். அன்றும் கணக்கில் வந்தது அவர் ஒருவர்தான். வீடியோவை ஓட்டினேன். ஆட்கள் எல்லாரும் எறும்பாக ஓடிக்கொண்டிருக்க, தூணோரம் ஒரு கட்டத்துக்குள் அண்ணன் சட்டை அசையாமல் நின்றது. கட்டத்துக்கு மேலே "தொழிலாளி 1" என்று எழுதியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தை மறைத்துவிட்டு எண்ணச் சொன்னார். ஆராய்ச்சிக்கான படங்களில் அப்படியே மறைத்தேன். அண்ணனுக்கு அனுப்புகிற வீடியோவிலும் மறைக்கப் போனேன். அவர் தடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும் டீச்சர். அது நான்லா."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வீடியோ கிடைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு நான் ஒழுங்கா வேலைக்கு வந்தேனா?" என்பதுதான். "வந்தீங்க அண்ணே, ஆனா நின்ன எடத்தவிட்டு அசையல" என்பேன். "அங்கன போயும் நான் சும்மா நிக்கேன் பாருங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு மௌனம் இருக்கும். எனக்கு அந்த மௌனம் பிடிக்காது. ஏதாவது பேசி அதை மூடிவிடுவேன்.

என் கனவிலும் அந்தப் பொம்மை வந்துவிட்டது. எல்லாரும் ஓடுவார்கள், வெயில் ஓடும், தெரு ஓடும். நீலச் சட்டை மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு யோசனை உண்டு. கட்டடம் என்பது ஒருவருக்கொருவர் கொடுக்கிற வாக்குகளால் ஆனது என்பார்கள். தளத்துக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங்காரர் முடித்துத்தருகிறேன் என்பதை நம்பி கம்பிக்காரர் நாள் குறிக்கிறார். அவரை நம்பி கலவை மெஷின்காரர். எனவே வாரத் தொடக்கத்தில் என்னென்ன முடிப்பேன் என்று வேலை செய்கிறவரையே சொல்ல வைக்க வேண்டும். வாரக் கடைசியில், சொன்னதில் எவ்வளவு நடந்தது என்று எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதிவைக்க வேண்டும். திட்டக்கூடாது, தண்டிக்கக்கூடாது. எழுதி வைத்தாலே போதும், வாக்குகள் நிறைவேறத் தொடங்கும் என்கிறது ஆராய்ச்சி.

எனக்கு அதைச் செய்துபார்க்க ஆசை. சிமெண்ட் வைக்கிற கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினேன். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. முதல் வாரங்களில் அந்தத் தாள் செம்பருத்திச் செடிபோல இருந்தது.

"எம் பொண்டாட்டிகூட இப்பிடிச் சொல்லிக்காட்டுனது இல்ல டீச்சர்" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். டீ கொண்டுவருகிறவர் பார்த்தார். சித்தாள் அக்காக்கள் "ஒங்க பேப்பரு செவந்துகெடக்கே அண்ணாச்சி" என்று கேலி செய்தார்கள். அண்ணாச்சிக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மெல்ல மெல்லப் பச்சை முளைத்தது. என் வழிகாட்டியிடம் காட்டினேன். அவருக்கும் உச்சி குளிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மட்டப்பா நாள் நெருங்கியது. என் புரோகிராம் பழைய வாரங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு தேதியைச் சொன்னது. அண்ணாச்சி வாயால் சொன்ன வியாழக்கிழமையோடு மைனி வழக்கம்போல ஒரு வாரத்தைச் சேர்த்தார். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. அண்ணன் அந்தத் தேதிக்கு விடுப்பு வாங்கி டிக்கெட்டும் போட்டுவிட்டார். "எதுக்கும் ரெண்டு நாள் முன்னாடியே வாறேன்" என்றார். மைனி அவர் வந்தால் படுப்பதற்கு என்று புதுப் பாய் வாங்கினார். எங்கள் மூன்று பேருக்கும் தாமதத்தின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அண்ணாச்சி அந்த வியாழக்கிழமையை நிறைவேற்றிவிட்டார்.

திங்கட்கிழமையே சென்ட்ரிங் பலகை அடித்து முடித்தார்கள். செவ்வாய் கம்பி கட்டி முடிந்தது. புதன்கிழமை கலவை மெஷின் வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சி என்னைக் கீழே கூப்பிட்டு, தாளைக் காட்டி, "நாளைக்கு மட்டப்பா. இப்ப பச்சை அடிங்க டீச்சர்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் பேயறைந்தவள்போல நின்றேன். அண்ணன் ஏறவேண்டிய விமானத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

மைனி ஓடிவந்தார். "ஒரு வாரம் பொறுங்களேன் அண்ணாச்சி. அவுக வந்துருவாக."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. அவர் ஏன் பொறுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். சென்ட்ரிங் அடித்தவர்கள் ஒடிசாக்காரர்கள். பண்டிகைக்காகச் சனிக்கிழமை ரயிலில் ஊருக்குப் போகிறார்கள், போனால் வர இரண்டு மாதமாவது ஆகும். கான்கிரீட் விழும்போது கீழே முட்டுகள் நழுவாமல் பார்த்துக்கொள்ள அவர்கள் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் திரும்பி வருவதற்குள் அண்ணன் விடுப்பு முடிந்து போய்விடுவார். மழையும் தொடங்கிவிடும். இப்போது போடாவிட்டால் அவர் இல்லாத இன்னொரு நாளில்தான் போட வேண்டும், அதுவும் துருப்பிடித்த கம்பியின்மேல்.

"நீங்கதான சொன்ன வாக்கக் காப்பாத்தணும்னு சொன்னிய டீச்சர்" என்று என்னிடம் கேட்டார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்தத் தாளைக் கிழித்து எறிய வேண்டும்போல இருந்தது. தாமதம் ஏன் ஏற்படுகிறது என்று எவ்வளவோ படித்திருந்தேன். சொன்ன நாளில் ஒரு வேலை முடிந்தால் யாருக்கு வலிக்கும் என்று ஒரு இடத்திலும் படித்ததில்லை.

மைனி அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். அவரால் டிக்கெட்டை முன்னால் கொண்டுவர முடியவில்லை. அவருக்குப் பதில் நிற்க வேண்டியவர் இன்னும் ஊரிலிருந்து போய்ச் சேரவில்லை. கம்பி முழுக்கக் கட்டியாகிவிட்டதா என்று அண்ணன் விசாரித்தார். பிறகு, "போட்டுரச் சொல்லு. கம்பிய மழைல நனைய விடாத" என்றார். கம்பி கட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்?

வியாழக்கிழமை காலை வெயில் மங்கலாக இருந்தது. ஆற்றுப்பக்கமிருந்து ஈரக் காற்று வீசியது. மெஷின் சுழல ஆரம்பித்ததும் தெருவே குலுங்கியது. சாரத்தில் வரிசையாக சித்தாள் அக்காக்கள் நின்றார்கள். மைனி புதுச் சேலை கட்டியிருந்தார். கண் வீங்கியிருந்தது. அண்ணாச்சி முதல் சட்டிக் கலவையை அவர் முன்னால் நீட்டினார்.

"பைய தொட்டுக் குடுங்க தங்கச்சி. நான் மேல கொண்டுபோய்ப் போட்டுருதேன். ஒங்க வீட்டுக்காரரே வந்து போட்ட மாதிரிதான்."

மைனி தொடவில்லை. "நானே ஏறுதேன்" என்றார்.

சாரத்தில் நின்ற அக்கா ஒருவர்தான் முதலில் பேசினார். "அப்பன்னா சேலைக்கு மேல ஒரு சட்டையப் போட்டுக்கோங்கக்கா. சிமெண்டு பட்டா மேலெல்லாம் அரிச்சிப்போடும்." அவர்கள் எல்லாருமே அப்படித்தான், சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார்கள். அவரவர் வீட்டு ஆம்பிளைகளின் பழைய சட்டைகள்.

மைனி சுற்றுமுற்றும் பார்த்தார். நேராகத் தூணுக்குப் போனார். பொம்மையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஐயோ, அதத் தொடாதிய தங்கச்சி! வீடு முடியிறதுக்கு முன்ன அத அவுக்கக் கூடாது" என்று அண்ணாச்சி பதறினார்.

"அவுக சட்டதான அண்ணாச்சி" என்றார் மைனி. கை நிற்கவில்லை.

வைக்கோல் கீழே கொட்டியது. சட்டையை உதறி, முக்காட்டைக் காதோரம் செருகிக்கொண்டு, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டார். தோள் தொங்கியது. கையை மடித்துவிட்டுக்கொண்டார். அண்ணாச்சி பொம்மைத் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து, துண்டால் துடைத்து, "அப்ப இதையும் மாட்டிக்கோங்க" என்று கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மைனி சட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு சாரத்தில் ஏறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு கை அவரைத் தாங்கிவிட்டது. மேலே போய்க் கம்பிகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வடகிழக்கு மூலையில் நின்றார். வாய்க்குள் ஏதோ ஓதினார். சட்டியைக் கவிழ்த்தார். பிறகு கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் இரைந்தது. சட்டிகள் கைமாறிக் கைமாறி மேலே போயின. மத்தியானம் வந்த பிரியாணியைக்கூட ஆள் மாற்றி ஆள் இறங்கிவந்துதான் சாப்பிட்டார்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் மைனி குளித்துவிட்டு என் மாடிக்கு வந்தார். அன்றைய வீடியோவை அண்ணனுக்கு அனுப்பும் முன் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். மெஷின் சுற்றியது. நிழல்கள் நகர்ந்தன. தூணோரம் அதே கட்டத்துக்குள் நீலச் சட்டை நின்றிருந்தது. கட்டத்துக்கு மேல் வழக்கம்போல "தொழிலாளி 1". நான் அடுத்த காட்சிக்கு ஆயத்தமாக இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை.

கட்டம் அசைந்தது.

அத்தனை மாதங்களாக நின்ற இடத்தில் நின்ற கட்டம், தூணைவிட்டு விலகியது. முற்றத்தைக் கடந்தது. சாரத்தில் ஏறியது. புரோகிராமுக்கு ஆள் மாறியது தெரியவில்லை. அதே மஞ்சள் ஹெல்மெட், அதே சட்டை, அதே எண். தொழிலாளி 1 கலவைச் சட்டியோடு மேலே போய், மூலையில் நின்று, கொட்டினார். வீடியோவில் அது கொஞ்சநேரம்தான். மைனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தான்தான் என்பதே அவருக்கு மறந்துவிட்டதுபோல இருந்தது.

வீடியோவை அனுப்பினேன். காத்திருந்தோம். தெருவில் வெல்டிங் கடையை மூடுகிற சத்தம் கேட்டது. அண்ணனுடைய போன் வருவதற்கு அன்று வழக்கத்தைவிட நேரமானது. பலதடவை ஓட்டிப் பார்த்திருப்பார். மைனி ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்குப் பிடிக்காத அந்த மௌனம். இந்தத் தடவை நான் அதை மூடப் போகவில்லை.

"டீச்சர்" என்றார் கடைசியில். "நான் மேல ஏறிட்டேன்லா."

"ஏறிட்டீங்க அண்ணே" என்றேன்.

மைனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அது அங்கே கேட்டிருக்க வேண்டும். அண்ணன் இப்போது மைனியிடம் பேசினார்.

"ஏளா, அந்தச் சட்டையத் தொவைச்சிராத" என்றார். "நான் வந்து பாக்கணும்."